‘வாய்ப்புள்ளது’ என்று அறிவித்தால் ஆற்றங்கரையில் இருப்பவர் என்ன செய்வார்? – அறிவிப்பு வாசகம் குறித்து ஒரு விவாதம்

1. பெரியாற்றங்கரை (வண்டிப்பெரியாறு)

மழைக்காலம் தொடங்குவதற்குள் ஒரு சிறு வேலையை முடித்துவிட வேண்டும் என்பதற்காக இந்த இழையைத் தொடங்குகிறேன். எங்கள் வார்டில் ஆற்றோர வீடுகளுக்கு ஜீப்பில் மைக் கட்டி அறிவிப்புச் செய்யும் தன்னார்வலர்களில் நானும் ஒருவன். மலையாளத்தில் வாசிக்க ஒருவர், தமிழில் வாசிக்க நான். மலையாள வாசகம் எழுதி வரும். தமிழ் வாசகத்தை நானே எழுதிக்கொண்டு, பல ஆண்டுகளாக ஏறக்குறைய ஒரே சொற்களில் படித்து வருகிறேன்:

“முல்லைப் பெரியாறு அணையின் நீர்மட்டம் உயர்ந்து வருவதால் உபரி நீர் எந்த நேரத்திலும் திறந்துவிடப்பட வாய்ப்புள்ளது. ஆற்றின் இரு கரைகளிலும் வசிப்போர் எச்சரிக்கையுடன் இருக்குமாறும், தேவைப்பட்டால் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறும் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். பொதுமக்கள் அச்சப்படத் தேவையில்லை.”

சென்ற ஆண்டு இதை வாசித்துக்கொண்டே போகையில், ஆற்றை ஒட்டிய கடைசி வீட்டுப் பாட்டி கைகாட்டி ஜீப்பை நிறுத்தினார். “எத்தனை மணிக்குத் திறப்பார்கள்? தண்ணீர் என் திண்ணையோடு நிற்குமா, அடுப்படிக்கும் வருமா? இன்று ராத்திரி நான் இங்கே படுக்கலாமா, கூடாதா?” என்று மூன்று கேள்விகள் கேட்டார். மூன்றுக்கும் என்னிடம் விடை இல்லை. “தேவைப்பட்டால் கிளம்பிவிடுங்கள் பாட்டி” என்றேன். “தேவைப்பட்டதா இல்லையா என்று சொல்லத்தானே நீ மைக்கைக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறாய்” என்றார். அதற்குப் பிறகு அந்த வாசகத்தைக் கூச்சமில்லாமல் வாசிக்க என்னால் முடியவில்லை.

வெளியூர் அன்பர்களுக்காக ஒரு விளக்கம். 1895-இல் கட்டி முடிக்கப்பட்ட இந்த அணை இருப்பது கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில். இயக்குவது தமிழக நீர்வளத் துறை. உபரி நீர் திறந்தால் அது வள்ளக்கடவு, வண்டிப்பெரியாறு, சப்பாத்து வழியாக இடுக்கி அணைக்குப் போகும். ஆகவே ஷட்டரைத் திறப்பதென்று முடிவெடுப்பவர் ஓர் அரசின் ஊழியர், அதை எங்களுக்குச் சொல்ல வேண்டியவர் இன்னோர் அரசின் ஊழியர். 2021 டிசம்பர் தொடக்கத்தில் நள்ளிரவிலும் விடியற்காலையிலும் ஷட்டர்கள் திறக்கப்பட்டு இங்கே வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. போதிய முன்னறிவிப்பு இல்லை என்று கேரள அரசு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. தகவல் தரப்பட்டது என்று தமிழகத் தரப்பு கூறியது. யார் சொன்னது சரி என்று இங்கே வழக்காட நான் வரவில்லை. இரண்டு அலுவலகங்களுக்கு இடையே தகவல் முறையாகப் போயிருந்தாலும், கட்டிலில் படுத்திருப்பவருக்கு அது போய்ச் சேராமல் இருக்கலாம் என்பதை மட்டும் அன்று கண்டுகொண்டேன்.

என் கேள்வி இதுதான். எங்களுக்கே உறுதியாகத் தெரியாத ஒன்றை ஊராருக்கு எப்படிச் சொல்வது? வாசகத்தைத் திருத்தித் தர முடிந்தவர்கள் உதவுங்கள்.

2. கம்பம் பள்ளத்தாக்கு

ஐயா, உங்கள் நோக்கத்தில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இந்த அணையைப் பற்றி மைக்கில் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் எங்கள் பக்கத்தில் வேறு காதில் விழுகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். 2011-ஆம் ஆண்டின் இறுதியில் இடுக்கியில் சிறு சிறு நில அதிர்வுகள் வந்தபோது, ‘அணை உடையும்’ என்ற பேச்சு எத்தனை வேகமாகப் பரவியது என்பதை நாம் இரு பக்கத்தாரும் பார்த்தோம். அதன் முடிவு என்ன? அணை உடையவில்லை, குமுளி எல்லை மூடப்பட்டது. ஏலத் தோட்டங்களில் வேலை பார்த்த எங்கள் ஆட்கள் துணிமூட்டையோடு கம்பம்மெட்டு வழியாக இறங்கி வந்தார்கள். அந்த டிசம்பரில் வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றியவர்களில் நானும் ஒருவன்.

உபரி நீர் திறப்பது ஒரு செய்தி, அணை உடைவது முற்றிலும் வேறொரு செய்தி. ‘எந்த நேரத்திலும்’, ‘அபாயம்’ போன்ற சொற்களைக் கேட்பவர் இரண்டையும் ஒன்றாக்கிக்கொள்கிறார். எனவே உறுதியாகத் தெரியாததைச் சொல்லாமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து. தெரிந்ததை மட்டும், அதாவது இத்தனை அடி, இத்தனை கன அடி என்று எண்ணால் சொல்லிவிட்டு நிறுத்துங்கள்.

3. பெரியாற்றங்கரை

எண்ணால் சொல்லிப் பார்த்தோம். உச்ச நீதிமன்றம் 2014-இல் 142 அடி வரை தேக்கலாம் என்றது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதனால் 137 அடி என்று அறிவித்தால், ‘இன்னும் ஐந்து அடி இருக்கிறது’ என்று போய்ப் படுத்துக்கொள்கிறார்கள். ஆனால் எந்தத் தேதியில் எத்தனை அடி வரை வைத்திருக்கலாம் என்று ‘ரூல் கர்வ்’ என்னும் கணக்கு ஒன்று உண்டு. அதன்படி 2022 ஆகஸ்டில் 142-ஐ எட்டுவதற்கு வெகு முன்பே ஷட்டர்களைத் திறந்தார்கள். எண் சரியாகத்தான் இருந்தது. அதை வைத்து ஊர் போட்ட கணக்குதான் தவறிப்போனது. கன அடியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வினாடிக்கு ஆயிரம் கன அடி என்றால் அது திண்ணையா, அடுப்படியா என்று பாட்டி கேட்பார்.

4. வாளையாற்றுக் கணக்கு வாத்தியார்

நான் பாலக்காட்டில் தமிழ் வழிப் பள்ளியொன்றில் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவன். வானிலை அறிக்கை படிப்பது எனக்குப் பழைய நோய். நம் சிக்கலில் பாதி ‘வாய்ப்புள்ளது’ என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிக் கிடக்கிறது என்பேன்.

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் ஆங்கில அறிக்கைகளில் நிகழ்தகவுக்கு நான்கு படிகள் உண்டு: நூற்றுக்கு 25-க்குக் கீழ், 25 முதல் 50 வரை, 50 முதல் 75 வரை, 75-க்கு மேல் என்று ஒவ்வொன்றுக்கும் தனிச் சொல் வைத்திருக்கிறார்கள். தமிழில் செய்தி வாசிக்கும்போது கடைசி மூன்றும் ‘வாய்ப்புள்ளது’ ஆகிவிடுகின்றன. நூறு முறையில் முப்பது முறை பெய்யக்கூடிய மழைக்கும், எண்பது முறை பெய்யக்கூடிய மழைக்கும் நாம் ஒரே சொல்லைக் கேட்கிறோம். போதாக்குறைக்கு, ‘வாய்ப்பு’ என்பது நல்லதுக்குச் சொல்லும் சொல். வேலை வாய்ப்பு, அரிய வாய்ப்பு என்று பேசும் நாவால் வெள்ளத்துக்கு வாய்ப்பு என்றும் சொல்கிறோம்.

‘ஓரிரு இடங்களில்’ என்பதையும் எடுத்துக்கொள்ளுங்கள். கேட்பவர் அதை ‘எங்கேயோ ஒன்றிரண்டு ஊரில், நமக்கு இல்லை’ என்று எடுத்துக்கொள்கிறார். துறையின் கணக்கில் அது அந்தப் பகுதியிலுள்ள மழைமானி நிலையங்களில் கால்பங்கு வரை மழை பதிவாகும் என்பதைக் குறிக்கும். ‘ஒருசில இடங்களில்’ என்றால் 26 முதல் 50 விழுக்காடு, ‘அநேக இடங்களில்’ என்றால் 51 முதல் 75 விழுக்காடு. இவை பரப்பைச் சொல்லும் சொற்களே தவிர, அளவைச் சொல்பவை அல்ல. ஓரிரு இடங்களில் அதிகனமழை என்றால், அந்த ஓரிடம் உங்கள் தலைக்கு மேலிருக்கும் மலையாகவும் இருக்கலாம்.

நிறங்களிலும் இதே கதைதான். 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டர் முதல் 115.5 வரை பெய்வது கனமழை, 115.6 முதல் 204.4 வரை மிகக் கனமழை. அதற்கு மேல் அதிகனமழை. இவற்றையொட்டி மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. மஞ்சள் என்றால் ‘கவனித்துக்கொண்டிரு’, ஆரஞ்சு என்றால் ‘ஆயத்தமாக இரு’, சிவப்பு என்றால் ‘செயலில் இறங்கு’. ஆனால் 2018 ஆகஸ்டில் இடுக்கி அணை நிரம்பி, 26 ஆண்டுகளுக்குப் பிறகு அதன் துணை அணையான செறுதோணியின் ஷட்டர்களைத் திறந்தார்களே, அப்போது அணைக்கும் தனியாக நீலம், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறம் வைத்தார்கள். அது நீர்மட்டத்துக்கான நிறம். ஒரே வாரத்தில் ஒரே மாவட்டத்தில் மழைக்கு ஓர் ஆரஞ்சு, அணைக்கு ஓர் ஆரஞ்சு. கேட்டவர் எந்த ஆரஞ்சை உரித்துத் தின்பார்?

நிறத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு வயநாடு இருக்கிறது. 2024 ஜூலை 30 அதிகாலையில் முண்டக்கையிலும் சூரல்மலையிலும் மலை இறங்கி வந்தது. மறுநாள் நாடாளுமன்றத்தில் உள்துறை அமைச்சர் அமித் ஷா, 23-ஆம் தேதியிலிருந்தே எச்சரித்தோம் என்றார். முதல்வர் பினராயி விஜயன், அன்று அந்த மாவட்டத்துக்கு இருந்தது ஆரஞ்சுதான், சிவப்பு வந்தது நிலச்சரிவுக்குப் பிறகு காலையில்தான் என்றார். 115 முதல் 204 மில்லிமீட்டர் வரை என்று கணித்த இடத்தில் 48 மணி நேரத்தில் 572 மில்லிமீட்டர் பெய்தது என்றும் அவர் சொன்னார். அரசியலை விட்டுவிட்டுப் பாருங்கள். இரண்டு தலைவர்களும் வாதாடியது ‘எந்த நிறம், எந்த நாள்’ என்பதைப் பற்றி. இத்தனை நாள் நனைந்து ஊறிய சரிவின் அடியில் இன்றிரவு உறங்கலாமா என்பது மாவட்டம் முழுமைக்கும் பூசும் ஒரு நிறத்துக்குள் அடங்காத கேள்வி.

5. லயத்துக்காரன் (மூணாறு)

வாத்தியார் ஐயா சொன்னதில் ஒரு சொல்கூட மிகையில்லை. ஆனால் அறிவிப்பு வந்து சேர்ந்தது என்று வைத்துக்கொண்டுதான் நீங்கள் எல்லோரும் பேசுகிறீர்கள். மூணாற்றுக்கு அருகே பெட்டிமுடியில் வந்து சேரவே இல்லை.

2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு, நிலச்சரிவில் நான்கு வரிசை லயங்கள் (தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகள்) மண்ணுக்குள் போயின. 70 பேர். எல்லோரும் நம் ஆட்கள், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். மின்சாரமும் இல்லை, டவரும் இல்லை. இரவு நடந்தது வெளியே தெரியக் காலை ஆனது. என் சொந்தக்காரர்கள் அங்கே இருந்தார்கள் என்பதற்கு மேல் அதைப் பற்றி எழுத விரும்பவில்லை.

இந்த விவாதத்துக்கு வேண்டியது இவ்வளவுதான். மழை நன்றாக அடித்து டவர் போன பிறகு, செய்தி வராதிருப்பதற்கு இரண்டு பொருள் உண்டு: ஒன்றும் இல்லை என்பது ஒன்று, சொல்ல முடியாமல் போய்விட்டது என்பது இன்னொன்று. லயத்தில் இருப்பவன் எப்போதும் முதல் பொருளைத்தான் எடுத்துக்கொள்வான், ஏனென்றால் மறுநாள் காலை கொழுந்தெடுக்கப் போக வேண்டும். நிலச்சரிவை மலையாளிகள் உருள்பொட்டல் என்று சொல்வதை நாங்களும் அப்படியே சொல்கிறோம். அதற்கு முன்னால் ஓடைத் தண்ணீர் திடீரென்று கலங்கும், மரம் சாயும், சுவரில் விரிசல் விழும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதை எந்தப் போனும் சொல்லாது.

இன்னொன்று. ‘பாதுகாப்பான இடம்’ என்று மைக்கில் சொல்கிறீர்களே, அது எந்த இடம்? லயத்தை விட்டு இறங்கினால் எங்களுக்கென்று ஒரு செண்டு நிலம் கிடையாது.

6. கவசம் பிடிக்காதவன்

சைரன் வைத்துவிட்டார்களே, இன்னும் என்ன கவலை என்று எங்கள் ஊரில் கேட்கிறார்கள். கேரளப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் ‘கவசம்’ சைரன்களைச் சோதித்த நாளில் எங்கள் தெருவே வாசலுக்கு வந்து நின்று, வானத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனது. 2023 அக்டோபரில் எல்லோருடைய கைபேசியும் ஒரே நேரத்தில் அலறிய சோதனையிலும் இப்படித்தான். சத்தம் எழுப்பிவிடும், எழுந்தவனுக்கு எந்தப் பக்கம் ஓடுவது என்று சொல்லாது. பெரியாற்றங்கரை ஐயாவின் ஜீப் இதைவிட மேல்.

7. தூத்தூர் விசைப்படகு

கேரள எல்லையின் தென்கோடியிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊருக்கு அடுத்து வள்ளவிளை, நீரோடி, அதற்கப்பால் கேரளத்தின் பொழியூர். கரை ஒன்றுதான், அரசு மட்டும் இரண்டு. நாங்கள் ஆழ்கடல் தங்கல் தொழில் செய்கிறவர்கள். ஒரு முறை போனால் திரும்ப வாரக்கணக்காகும், ஒரு மாதத்துக்கு மேலும் ஆகும்.

2017 நவம்பர் 29-ஆம் தேதி வந்த வானிலைச் செய்திகளில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் என்றுதான் இருந்தது. புயல் என்ற சொல்லும் ஒக்கி என்ற பெயரும் 30-ஆம் தேதிதான் வந்தன. அதற்குள் எங்கள் கரையில் தென்னையும் ரப்பரும் முறிந்து விழத் தொடங்கிவிட்டன. சொல் மாறுவதற்காகக் காற்று காத்திருக்கவில்லை. அதைவிடப் பெரிய பிழை இன்னொன்று: ‘மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்’ என்று கரையில் நிற்பவனைப் பார்த்துத்தான் எச்சரிக்கை பேசியது. எங்கள் ஆட்கள் ஏற்கெனவே லட்சத்தீவுப் பக்கம் போய்ப் பல நாள் ஆகியிருந்தது. வயர்லெஸ் எட்டாத தூரத்தில் இருப்பவனுக்குப் ‘போகாதே’ என்ற செய்தி எதற்கு? அவனுக்குத் தேவைப்பட்டது எந்தத் திசையில் விலகிப் போவது, எந்தத் துறையில் ஒதுங்குவது என்பது. இப்போது செயற்கைக்கோள் வழியாகச் செய்தி வாங்கும் டிரான்ஸ்பாண்டர் பல படகுகளில் இருக்கிறது. கருவி மாறியிருக்கிறது, வாசகம் மாறியதா என்று நீங்களே பாருங்கள்.

கம்பத்து அண்ணாச்சி பயப்படுகிற சங்கதியும் எனக்குத் தெரியும். ஒக்கிக்குப் பிறகு லேசாகக் காற்று திரும்பினாலே தடை போடுகிறார்கள். டீசலும் ஐஸும் ஏற்றி, சாமான் வாங்கி, ஆள் சேர்த்த பிறகு ஒரு நாள் நின்றால் என்ன நட்டம் என்று படகுக்காரனைக் கேளுங்கள். நான்கு தடவை நின்று, நான்கு தடவையும் கடல் குளம்போலக் கிடந்தால், ஐந்தாவது தடவை அவன் போய்விடுவான். அவனை அறிவில்லாதவன் என்று சொல்லாதீர்கள்; அவன் கணக்குப் பார்க்கிறான். இதற்கு நான் கண்ட ஒரே மருந்து, மறுநாள் வந்து பேசுவது. ‘நேற்று நிற்கச் சொன்னோம், காற்று வரவில்லை. அது தெற்கே திரும்பிவிட்டது. இரவு வரை அது எங்களுக்கும் தெரியாது’ என்று யாராவது வந்து சொன்னால் மனது ஆறும், அடுத்த முறையும் நிற்கலாம் என்று தோன்றும். எங்கள் பங்குச்சாமியார் ஒருவர் கோவில் மைக்கில் ஒரு முறை அப்படிச் சொன்னார். அலுவலகங்களிலிருந்து அப்படி ஒரு அறிவிப்பு வந்து நான் கேட்டதில்லை.

8. கம்பம் பள்ளத்தாக்கு

படகுக்காரத் தம்பி சொல்லும் நட்டம் எனக்குப் புரிகிறது. திராட்சை பறிக்கும் வாரத்தில் பொய்யான மழை அறிவிப்பு வந்தால் எங்களுக்கும் அதுதான் கதி. தெரியாததைச் சொல்லவே கூடாது என்று நான் எழுதியதைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்கிறேன். ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. ஓர் அதிகாரி ‘திறப்போமா என்று எனக்கே தெரியாது’ என்று மைக்கில் சொன்னால், நாளை ஏதாவது நடந்துவிட்டால் அவரைத்தானே பிடித்து உள்ளே போடுவார்கள்? அந்தப் பயத்தில்தான் எல்லோரும் ‘வாய்ப்புள்ளது, அச்சம் வேண்டாம்’ என்று இரண்டு பக்கமும் கதவைத் திறந்து வைத்துக்கொள்கிறார்கள் என்று நினைக்கிறேன். பெய்தாலும் சொன்னோம், பெய்யாவிட்டாலும் சொன்னோம்.

9. வாளையாற்றுக் கணக்கு வாத்தியார்

உள்ளே போட்டார்கள் என்றுதான் உலகம் முழுக்கப் பேசிய ஒரு வழக்கு இத்தாலியில் நடந்தது. ஆனால் எதற்காக என்பதைப் பார்க்க வேண்டும். 2009-இல் லாக்விலா என்ற ஊரில் பல வாரங்களாகச் சிறு அதிர்வுகள் வந்துகொண்டிருந்தன. மார்ச் 31 அன்று வல்லுநர் குழு ஒன்று கூடியது. ஊரைச் சாந்தப்படுத்துவதே அப்போது பெரிய அக்கறையாக இருந்தது. குடிமைப் பாதுகாப்புத் துறையின் அதிகாரி ஒருவர், அபாயம் இல்லை என்று தொலைக்காட்சியில் சொன்னார். கவலையை விட்டு ஒரு கோப்பை ஒயின் குடிக்கலாமா என்று கேட்டதற்கு ஆமாம் என்று ஒயினின் பெயரையும் சொன்னார். ஏப்ரல் 6 அதிகாலை பெரிய நிலநடுக்கம் வந்து 309 பேர் இறந்தார்கள். சிறு அதிர்வு வந்தால் வீட்டை விட்டு வெளியே போய்ப் படுப்பது அந்த ஊரின் பழைய வழக்கம். அந்த முறை சிலர், அதிகாரிகளே சொல்லிவிட்டார்கள் என்று உள்ளேயே படுத்தார்கள் என்பது இறந்தவர்களின் உறவினர்கள் சொன்ன குற்றச்சாட்டு.

2012-இல் ஆறு அறிவியலாளர்களுக்கும் அந்த அதிகாரிக்கும் சிறைத் தண்டனை விதித்தார்கள். 2014-இல் மேல்முறையீட்டில் அறிவியலாளர்கள் விடுதலையானார்கள். அந்த அதிகாரிக்குத் தண்டனை குறைந்ததே தவிர, நீங்கவில்லை. நிலநடுக்கத்தை முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது, அதற்காக அவரைத் தண்டிக்கவும் இல்லை. தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொல்லி ஆறுதல் அளித்ததே குற்றமானது. ஆகவே ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்பவரைவிட, ‘அச்சப்படத் தேவையில்லை’ என்று சொல்பவருக்குத்தான் அபாயம் அதிகம். ஜீப் அன்பர் தம் வாசகத்தின் கடைசி வரியை முதலில் வெட்ட வேண்டும்.

கேரளத்தில் இதற்கு ஒரு சொலவடையே உண்டு: ‘ஆசங்க வேண்ட, ஜாக்ரத மதி.’ கவலை வேண்டாம், கவனம் போதும் என்று பொருள். கேட்க நயமாக இருக்கிறது. ஆனால் கவலைப்படாதவன் எதற்காகக் கவனமாக இருப்பான் என்று என் மாணவன் ஒருவன் கேட்டான். அவனுக்கு நான் இன்னும் விடை சொல்லவில்லை.

10. கூடலூர்ச் செவிலி

நோய்க்காலத்திலும் இதுவேதான் நடக்கிறது என்பதால் சுருக்கமாக ஒன்று சொல்கிறேன். 2018 மே மாதம் கோழிக்கோட்டில் நிபா வைரஸ் நோய் வந்தபோது, முதலில் கிணற்றிலிருந்து பிடித்த வௌவால்களைச் சோதித்தார்கள். அவை பூச்சி தின்னும் வகை, கிருமி இல்லை என்று முடிவு வந்தது. ‘வௌவால் காரணமல்ல’ என்று தலைப்புச் செய்தி ஓடியது. பின்னர் பழந்தின்னி வௌவால்களில் தடயம் கிடைத்தது. எங்கள் நீலகிரிப் பக்கத்து நாடுகாணி எல்லைச் சாவடியில், ‘முதலில் இல்லை என்றீர்கள், இப்போது உண்டு என்கிறீர்கள், எதை நம்புவது?’ என்று வண்டிக்காரர்கள் எங்களைப் பிடித்துக்கொண்டார்கள். ‘இது முதல் சோதனை மட்டுமே, வேறு வகை வௌவால்களையும் பார்க்க வேண்டியிருக்கிறது’ என்ற ஒரு வரி முதல் நாளே எல்லோருடைய காதிலும் விழுந்திருந்தால், இரண்டாவது செய்தி யாருக்கும் பொய்யாகத் தோன்றியிருக்காது.

அந்த நாட்களில் எங்களுக்குத் தெம்பு தந்தது, அப்போது கேரளச் சுகாதார அமைச்சராக இருந்த கே.கே. சைலஜா நாள்தோறும் வந்து அன்றைய எண்ணிக்கையைச் சொன்னதுதான். அடுத்த செய்தி எப்போது வரும் என்று தெரிந்தால், இடையில் வாட்ஸ்அப்பில் வருவதற்காக மனிதர்கள் அவ்வளவாக ஓடுவதில்லை. வார்டில் நோயாளியின் வீட்டாரிடமும் நான் இதைத்தான் செய்கிறேன். பிழைப்பாரா என்று கேட்பார்கள். ‘இப்போது சொல்ல முடியாது, காலை ஆறு மணிக்கு ரத்தப் பரிசோதனை வரும், ஆறரைக்கு நானே வந்து சொல்கிறேன்’ என்பேன். ஆறரைக்குப் போய் நிற்க வேண்டும், முடிவு வராவிட்டாலும் போய் நிற்க வேண்டும்.

11. பெரியாற்றங்கரை

எல்லோருக்கும் நன்றி. பத்து நாட்களாக எழுதிக் கிழித்து, கீழே உள்ளதில் வந்து நிற்கிறேன். இதற்கு முன் ஒரு வேலை செய்தோம். 2018-இல் வெள்ளம் ஏறி நின்ற சேற்றுக் கோடு சில வீட்டுச் சுவர்களில் இன்றும் மங்கலாகத் தெரிகிறது. பாட்டியின் வீட்டில் அது அடுப்படி மாடத்துக்கு ஒரு சாண் கீழே இருக்கிறது. வெள்ளையடித்த பிறகும் அந்த இடத்தில் மட்டும் சுண்ணாம்பு உதிர்கிறது. அந்த உயரத்தை மட்டக்குழாய் வைத்து எடுத்துக்கொண்டுபோய், படித்துறை, பாலத்தூண், ஆற்றோரச் சுவர் என்று எல்லா இடத்திலும் மஞ்சள் பெயின்ட்டில் கோடாக இழுத்துவிட்டோம். இனிமேல் அடியும் கன அடியும் வேண்டாம், கோட்டைச் சொன்னால் போதும்.

“இது மாலை 5 மணி அறிவிப்பு. இது அணை உடைவதைப் பற்றிய செய்தி அல்ல, உபரி நீர் திறப்பதைப் பற்றியது. இன்றிரவு ஷட்டர் திறப்பார்களா என்பது இன்னும் முடிவாகவில்லை. மேலே காட்டில் பெய்யும் மழையைப் பொறுத்திருக்கிறது. திறந்தால் தண்ணீர் மஞ்சள் கோட்டை நெருங்கக்கூடும். எவ்வளவு நெருங்கும் என்பது எங்களுக்குத் தெரியாது. கோட்டுக்குக் கீழே வீடுள்ளவர்கள் இன்றிரவு வீட்டில் படுக்க வேண்டாம். பள்ளிக்கூடம் திறந்திருக்கிறது, சாப்பாடு உண்டு. கோட்டுக்கு மேலே வீடுள்ளவர்கள் வீட்டிலேயே இருக்கலாம். ஆற்றில் இறங்க வேண்டாம். அடுத்த அறிவிப்பு இரவு 9 மணிக்கு. திறக்காவிட்டாலும் வந்து சொல்வோம்.”

திறக்காமல் விடிந்தால், மறுநாள் காலை ஏன் திறக்கவில்லை என்று சொல்வதற்கும் ஒரு வாசகம் எழுதி வைத்திருக்கிறேன். அது தூத்தூர் நண்பருக்குப் பட்ட கடன்.

12. கம்பம் பள்ளத்தாக்கு

‘அணை உடைவதைப் பற்றிய செய்தி அல்ல’ என்று சேர்த்ததற்கு நன்றி. ஆனாலும் ‘உடைவது’ என்ற சொல் மைக்கில் விழுந்தாலே பாதிக் காது அதை மட்டும்தான் பிடித்துக்கொள்ளும். அந்த வாக்கியத்தை எடுத்துவிட்டு, ‘இது ஷட்டர் திறப்பது பற்றிய அறிவிப்பு’ என்று நேராகத் தொடங்கிவிடுங்கள்.

13. கூடலூர்ச் செவிலி

மருந்து மாத்திரையையும் இன்சுலினையும் எடுத்துக்கொள்ளச் சொல்லி ஒரு வரி சேருங்கள்.

14. லயத்துக்காரன்

இந்தியில் யார் வாசிப்பது? எங்கள் லயங்களில் இப்போது பாதிக்கு மேல் வடக்கிலிருந்து வந்த பிள்ளைகள். உங்கள் பக்கமும் அப்படித்தான் இருக்கும். நாங்கள் மலையாளம் புரியாமல் நின்ற இடத்தில் இன்று அவர்கள் நிற்கிறார்கள். ஆடு மாட்டை எங்கே கட்டுவது என்பதையும் சொல்லிவிடுங்கள். ஆட்டை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

15. பெரியாற்றங்கரை

நான்கையும் ஏற்றுக்கொண்டேன். இந்திக்கு ஜார்க்கண்ட் பிள்ளை ஒருவன் வருகிறேன் என்றிருக்கிறான். ஆடு மாட்டுக்குத் தேவாலயத்தின் பின்புறக் கொட்டகை.

நேற்று மாலை திருத்திய வாசகத்தைப் பாட்டியிடம் போய் மைக் இல்லாமல் வாசித்துக் காட்டினேன். கடைசி வரை கேட்டார். மஞ்சள் கோட்டை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். “ஒன்பது மணிக்கு வருவேன் என்கிறாய். நீ வராவிட்டால்?” என்றார். மூணாற்று நண்பர் இதை முன்பே எழுதியிருந்தார். படித்திருந்தும் எனக்கு உறைக்கவில்லை. திண்ணையிலேயே உட்கார்ந்து கடைசி வரிக்குக் கீழே இதைச் சேர்த்தேன்:

“இரவு 9.30 மணி வரை ஜீப் வரவில்லை என்றால், எங்கள் வழி அடைபட்டுவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். கோட்டுக்கு மேலே இருப்பவர்களும் யாருக்காகவும் காத்திராமல் பள்ளிக்கூடத்துக்கு ஏறிவிடுங்கள்.”